எந்தத் தேதிக்கு மீட்பது?
கொரியாவின் நினைவிடங்களை முன்வைத்து

'மீட்டுருவாக்கம்' என்கிற சொல்லைச் சற்றே சந்தேகத்துடன்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. இடிந்துபோன ஓர் அரண்மனையையோ கோட்டையையோ 'பழையபடியே' எழுப்பிவிட்டோம் என்று ஓர் அரசு அறிவிக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரொம்ப எளிமையானது: எந்தப் பழையபடி? எந்த வருஷத்துப் பழையபடி? ஒரு கட்டடம் 600 வருஷமாக ஓர் இடத்தில் இருக்கிறதென்றால் அதற்கு 600 பழையபடிகள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதி 599ஐயும் கழித்துவிடுகிற வேலைக்குத்தான் மரியாதையாகப் 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்று பெயர். என் அக்கறை கழித்துக்கட்டிய பகுதியைப் பற்றியது.

இதற்குக் கொரியாவை எடுத்துக்கொள்கிறேன். காலனி ஆட்சி, நாட்டுப் பிரிவினை, போர், ராணுவ சர்வாதிகாரம், மக்கள் எழுச்சி என்று இருபதாம் நூற்றாண்டு கொடுத்த அத்தனை அடிகளையும் ஒரே உடம்பில் வாங்கிய தேசம் அது. அடி வாங்கிய இடங்களைப் பிறகு என்ன செய்வது என்பதில் அங்கே ஓயாத சண்டை நடந்துவருகிறது. நான் கொரியாவுக்குப் போனதில்லை. கொரிய மொழியும் தெரியாது. வேற்றுமொழி நூல்கள், வரைபடங்கள், புகைப்படங்கள் வழியாகவே இந்த இடங்களை வாசிக்கிறேன். ஒரு பிரதியை அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிப்பது போன்ற வாசிப்பு இது.

1

1995 ஆகஸ்ட் 15. ஜப்பானிய ஆட்சி முடிந்து சரியாக ஐம்பது வருஷம். சியோல் நகரின் நடுவே, கியோங்போக்குங் அரண்மனையின் முகப்பில் நின்ற பெரிய கல் கட்டடத்தின் உச்சிக் கூம்பை அறுத்துக் கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். கூட்டம் ஆரவாரித்தது. அடுத்த வருஷம், 1996 முடிவதற்குள், மொத்தக் கட்டடமும் தரைமட்டமானது.

அது ஜப்பானியத் தலைமை ஆளுநரின் அலுவலகம். 1916இல் தொடங்கி 1926இல் கட்டி முடித்தார்கள். இடத்தேர்வே ஓர் ஆயுதமாக இருந்தது. ஊருக்கு வெளியே எங்காவது கட்டியிருக்கலாம். கொரிய அரசர்களின் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே, அரியணை மண்டபத்தை மறைத்துக்கொண்டு, நகரத்தைப் பார்த்தபடி கட்டினார்கள். அரண்மனையின் தலைவாசலான குவாங்வாமுன் வழியில் நின்றது. அதை இடிப்பதாகத் திட்டம். யனகி முனேயோஷி என்ற ஜப்பானியக் கலை விமர்சகர் 1922இல் அதை எதிர்த்து எழுதினார். வாயில் இடிபடாமல் தப்பித்தது; ஆனால் பெயர்த்தெடுத்துக் கிழக்குப் பக்கமாக ஓரங்கட்டப்பட்டது. (கொரியக் கலையின் அழகைச் சோகத்தின் அழகு என்று உருகிய இதே யனகியின் பார்வைக்குள் காலனியக் கண் ஒளிந்திருப்பதைப் பிற்காலக் கொரிய விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். அடிமைப்பட்டவனின் துயரத்தை ரசிப்பதும் ஓர் ஆதிக்கம்தான்.) சாங்க்யோங்குங் என்ற இன்னோர் அரண்மனைக்குள் 1909இலேயே மிருகக்காட்சிசாலை வைத்துவிட்டார்கள். அரசர்கள் நடந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேடிக்கை பார்த்துத் திரியும். இதைவிட நேர்த்தியாக ஒரு முடியாட்சியை அவமானப்படுத்த முடியாது.

ஆக, இடித்தது சரியா தப்பா என்று கேட்டால், அடிமைப்பட்ட மக்களுக்கு ஆண்டவனின் கட்டடத்தை இடிக்கிற உரிமை முழுக்க உண்டு என்பதே என் பதில். 'வரலாற்றுச் சான்று போய்விட்டதே' என்று புலம்புகிற கட்சியில் நான் இல்லை. என் பிரச்சினை வேறு. இடித்தவர்கள் எதை இடிப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள், கூடவே எது போனது என்பதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கட்டடத்தை ஜப்பானியர் பயன்படுத்தியது 1926 முதல் 1945 வரை, 19 வருஷம். அதற்குப் பிறகு அது நின்றது 50 வருஷம். 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்துப் போட்டதும், அமெரிக்க ராணுவ நிர்வாகம் உட்கார்ந்ததும் அங்கேதான். 1948இல் அரசியல் நிர்ணய சபை கூடியது, அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டது, ஆகஸ்ட் 15 அன்று குடியரசு பிரகடனமானது – எல்லாம் அங்கேதான். 1950இல் வடக்கின் கொடி அதன்மேல் ஏறியது. செப்டம்பர் கடைசியில் தெற்கின் கொடி திரும்ப ஏறியது. போரில் எரிந்த கட்டடத்தைப் பழுதுபார்த்து 1962இல் மறுபடி அரசின் தலைமைச் செயலகமாக்கியது பார்க் சுங் ஹீயின் ராணுவ ஆட்சி. 1986இல் தேசிய அருங்காட்சியகம் அங்கே குடிபுகுந்தது. அப்ப இது யாரோட கட்டடம்? ஜப்பானியருடையதா, குடியரசினுடையதா?

இடிப்பு விழாவின் சொல்லாடலில் இந்த ஐம்பது வருஷம் காணாமல் போயிற்று. அங்கே பேசப்பட்டது ஜப்பான் மட்டுமே. மேலிருந்து பார்த்தால் கட்டடம் ஜப்பானின் பெயரில் வரும் சித்திர எழுத்துப்போலவே இருக்கிறது என்றார்கள். கொரிய மண்ணின் உயிரோட்டத்தை அறுக்க ஜப்பானியர் மலையுச்சிகளில் இரும்புக் கழிகள் அறைந்தார்கள் என்ற கதையும் கூடவே உலவியது. கிம் யங் சாமின் அரசு அதே 1995இல் கழிகளைத் தேடிப் பிடுங்குவதை அரசுப் பணியாகவே நடத்தியது. காலனியம் நிலவரி, சுரங்கம், கூலி, போலீஸ் என்று இயங்கிய ஒரு பொருளாதார அமைப்பு என்பது மறந்து, யாரோ வைத்த ஏவல் என்று ஆகிப்போனது. ஏவலுக்குப் பரிகாரம் இருக்கிறது. கழியைப் பிடுங்கினால் தீர்ந்தது.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995 ஜூலை 18. 1980இன் குவாங்ஜு படுகொலைக்காக முன்னாள் அதிபர் சுன் டூ ஹ்வான் மீது வழக்குத் தொடர முடியாது என்று அரசு வழக்குரைஞர்கள் அறிவித்த நாள். வெற்றி பெற்ற கலகத்தைத் தண்டிக்க முடியாது என்கிற தர்க்கம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கூம்பு இறங்குகிறது. அரை நூற்றாண்டுக்கு முந்திய எதிரிக்கு வெட்டவெளியில் தண்டனை; பதினைந்து வருஷத்துக்கு முந்திய கொலைகாரனுக்கு வீட்டில் ஓய்வு. மாணவர்களும் பேராசிரியர்களும் குவாங்ஜுவின் தாய்மார்களும் தெருவுக்கு வந்த பிறகே அந்த முடிவு மாறியது. டிசம்பரில் சிறப்புச் சட்டம் வந்தது, சுன் கைதானார். அதைச் செய்ய வைத்தது தெரு. கிரேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கூம்பு இப்போது சோனான் நகரிலுள்ள விடுதலை மண்டபத்தில் இருக்கிறது. மேற்குப் பக்கமாக, பொழுது சாய்கிற திசையில், ஐந்து மீட்டர் பள்ளம் தோண்டி அதற்குள் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர் குனிந்து பார்க்க வேண்டும். நினைவைக் காட்சியாக்கும் வேலையில் இவ்வளவு நுட்பம் வாய்த்தவர்கள் வேறு சில பள்ளங்களை ஏன் தோண்டவில்லை என்ற கேள்வியோடு மேலே போகலாம்.

2

கட்டடம் போனதும் அரண்மனை தெரிந்தது. ஆனால் எந்த அரண்மனை?

கியோங்போக்குங் முதலில் எழுந்தது 1395இல். 1592இல், ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, எரிந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்துத் தேசியம் இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிட விரும்பும். எரித்தது யார்? ஜோசோன் அரசின் சொந்த ஆண்டுக்குறிப்பே வேறு சொல்கிறது. அரசர் சோன்ஜோ தலைநகரைக் கைவிட்டு ஓடியதும், மக்கள் கொதித்துப்போய்த் தீ வைத்தார்கள். முதலில் எரிந்தது அடிமைகளின் பதிவேடுகள் இருந்த அலுவலகமும் தண்டனைத் துறையும் என்கிறது அது. இல்லை, ஜப்பானியர் நுழைந்தபோது அரண்மனை முழுசாகத்தான் இருந்தது என்று ஜப்பானியத் தரப்புக் குறிப்புகளை வைத்து வாதிடுபவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்லுவது என் வேலை இல்லை. அரசன் பக்கம் இருந்து எழுதியவர்களுக்கு அடிமைகள் தங்கள் பதிவேட்டைத் தேடிப்போய் எரிப்பார்கள் என்பது இயல்பாக நம்பக்கூடிய விஷயமாக இருந்திருக்கிறது. அதுவே போதுமான சாட்சியம்.

'நோபி' எனப்பட்ட அடிமைகள் பரம்பரை அடிமைகள். விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். 1801இல் அரசுக்குச் சொந்தமான 66,000க்கும் மேற்பட்ட நோபிகளை விடுவித்து, அரசே அவர்களது பதிவேடுகளைக் கொளுத்தியது. அதே நெருப்பு. 1592இல் அது கலகம், 1801இல் அது அரச கருணை.

எரிந்த அரண்மனை ஏறக்குறைய 270 வருஷம் பாழாகவே கிடந்தது. அதை மறுபடி கட்டியவர் சிறுவன் கோஜோங்கின் தந்தையும் ஆட்சியை நடத்தியவருமான தேவொங்குன். 1865இல் வேலை தொடங்கியது. பணம்? 'விரும்பிக் கொடுக்கும் காணிக்கை' என்று ஒரு வசூல். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு அதே ஒலியில் வேறொரு சித்திர எழுத்தைப் போட்டு 'வயிறெரிந்து கொடுக்கும் காணிக்கை' என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். நகர வாயில்களில் சுங்கம். அதுவும் பற்றாமல் 1866இல் ஒரு புதுக் காசு அச்சடித்தார்கள். பழைய காசு நூறுக்குச் சமம் என்று முகமதிப்பு, உலோக மதிப்போ அதில் சிறு பங்குதான். விலைவாசி ஏறிப்போய், கொஞ்ச காலத்திலேயே காசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இன்று 'பழையபடியே' என்று மீட்கப்படுவது இந்த அரண்மனைதான், கோஜோங் காலத்து அரண்மனை. 1990இல் தொடங்கிய மீட்புத் திட்டம் அந்தக் காலத்தைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜப்பானியர் இடித்துத் தள்ளியது அதைத்தான். 1895இல் அரசி மியோங்சோங்கை ஜப்பானியக் கொலைகாரர்கள் வெட்டிக் கொன்றதும் அதற்குள்தான். ஆனால் இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அரண்மனை முழுவதும் ஜப்பானால் பாதிக்கப்பட்ட ஒரு தேசத்தின் முகமாகிவிடுகிறது. அது முன்பொரு காலம் தன் மக்களை என்ன செய்தது என்பது பிரதியிலிருந்து நழுவிப்போகிறது.

குவாங்வாமுன் வாயிலின் கதை இதற்கு நல்ல அடிக்குறிப்பு. கொரியப் போரில் எரிந்த வாயிலை 1968இல் பார்க் சுங் ஹீ கான்கிரீட்டில் கட்டினார். பெயர்ப்பலகையை ஹங்குல் எழுத்தில் தன் கையாலேயே எழுதினார். வாயில் நின்ற கோணமோ ஆளுநர் கட்டடத்தின் அச்சுக்கு ஒத்துப்போன கோணம். 2006இல் அதைப் பிரித்துவிட்டு மரத்தில் கட்டி 2010 ஆகஸ்ட் 15இல் திறந்தார்கள். மூணு மாசத்தில் புதுப் பெயர்ப்பலகை விரிசல் விட்டது. சீன எழுத்தா, ஹங்குலா, வெள்ளைப் பின்னணியா, கறுப்பா என்று வருஷக்கணக்கில் தகராறு. 2023 அக்டோபரில் கறுப்பில் பொன்னெழுத்தாகச் சீன எழுத்துப் பலகை ஏறியது. சர்வாதிகாரியின் கையெழுத்து போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஒரு குடியரசு தன் தலைநகரின் நடுவில் தன்னைப் பற்றி என்ன எழுதிக்கொள்வது என்ற கேள்விக்கு, ஒரு முடியரசின் பலகையைத் துடைத்து மாட்டுவதுதான் விடையாகிறது.

இந்த அரசமரபுப் பெருமிதத்தில் யாருக்கு இடமில்லை என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும். கொரியாவின் தெற்கே ஜின்ஜு நகரம். அதன் கோட்டை, 1592–93இல் ஜப்பானியரோடு நடந்த போர்களுக்காகப் பேர்போனது. அதே ஊரில்தான் 1923இல் 'ஹ்யோங்ப்யோங்சா' தோன்றியது. மாடறுத்தும் தோல் பதனிட்டும் வாழ்ந்த பெக்ஜோங் எனப்பட்ட தீண்டத்தகாதோரின் இயக்கம். பெயருக்குத் தராசுத் தட்டைச் சமமாகப் பிடித்தல் என்று பொருள். 1894இலேயே அந்தஸ்து வேறுபாடுகளைச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. அவர்களைத் தள்ளிவைத்தது ஜப்பானியன் இல்லை, பக்கத்து வீட்டுக் கொரியன். கோட்டைச் சுவரின் கதையை மட்டும் சொல்லும் பாரம்பரியத்தால் இந்தத் தராசைத் தூக்க முடியாது.

3

சொதேமுன் சிறை இன்னும் கூர்மையான பாடம். 1908இல் ஜப்பானியப் பிடி இறுகிக்கொண்டிருந்தபோது திறந்தது. 1919 மார்ச் எழுச்சியில் கைதான பள்ளி மாணவி யூ குவான் சூன் 1920இல் செத்தது இங்கேதான். செங்கல் கட்டடங்கள், மரத்தாலான தூக்குக் கொட்டகை. 1998இலிருந்து இது வரலாற்று அருங்காட்சியகம். ஜப்பானியப் போலீசின் சித்திரவதையைப் பொம்மைகளை வைத்து நடித்துக்காட்டும் அறைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவருகிறார்கள்.

மறுபடி கணக்குத்தான். 1908 முதல் 1945 வரை 37 வருஷம். 1945 முதல் சிறை ஊருக்கு வெளியே மாறிய 1987 வரை 42 வருஷம். ஏகாதிபத்தியத்தைக் காட்டிலும் குடியரசுதான் இந்தச் சிறையை அதிக காலம் வைத்து நடத்தியது.

சோ போங் ஆம் என்ற மனிதரின் வாழ்க்கை இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே கிடக்கிறது. ஜப்பானியர் காலத்தில் கம்யூனிஸ்ட் செயல்பாட்டுக்காகச் சிறையிருந்தவர். விடுதலைக்குப் பின் முதல் விவசாய அமைச்சர். 1956 அதிபர் தேர்தலில் சிங்மன் ரீயை எதிர்த்து நின்று இருபது லட்சத்துக்கும் மேலான ஓட்டு வாங்கினார். உளவுக் குற்றம் சாட்டி 1959 ஜூலை 31இல் இதே கொட்டகையில் தூக்கில் போட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011இல். 'மக்கள் புரட்சிக் கட்சி' வழக்கில் எட்டுப் பேருக்கு 1975 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்தது. மறுநாள் விடிவதற்குள் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டு முடித்திருந்தார்கள். 2007இல் அவர்களும் குற்றமற்றவர்களானார்கள்.

பின்னாளில் இவர்களுக்கும் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது, நிஜம்தான். ஆனால் இடங்கொடுப்பது வேறு, கதையாடலையே மாற்றுவது வேறு. சித்திரவதை செய்யும் பொம்மைக்கு ஜப்பானிய உடுப்பு இருக்கும்வரை பார்வையாளர் பத்திரமாக இருக்கிறார். அந்த உடுப்பைக் கழற்றிவிட்டு 1975ஆம் வருஷத்துக் கொரிய உடுப்பை மாட்டினால் என்ன ஆகும்? கூட்டிவந்த வாத்தியாருக்குச் சங்கடம். யாருடைய தகப்பனோ அதைப் போட்டிருந்திருப்பார். காலனிய எதிர்ப்பு என்பது எதிர்ப்பாக இல்லாமல் அரசின் கருத்தியல் சாதனமாகிவிடுகிற இடம் இதுதான். எதிரியின் குற்றத்துக்கு அருங்காட்சியகம். தன் குற்றத்துக்கு அதன் ஒரு மூலை.

உள்ளூர்க் குற்றத்துக்கு உள்ளூர்க் கலைஞனும் உடந்தை என்பதற்குச் சியோலின் நம்யோங்டோங் விசாரணைக்கூடம் சாட்சி. வடிவமைத்தவர் கிம் சூ குன். 1988 ஒலிம்பிக் அரங்கத்தை வடிவமைத்த அதே புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். ஐந்தாம் மாடியில் ஆள் குதிக்க முடியாத அளவுக்குக் குறுகிய சன்னல்கள். எந்த மாடிக்கு வந்தோம் என்று கண்கட்டப்பட்டவனுக்குத் தெரியாதபடி சுழன்று சுழன்று ஏறும் படிக்கட்டு. 1987 ஜனவரி 14இல் மாணவன் பார்க் ஜோங் சொல் இங்கே தண்ணீர்ச் சித்திரவதையில் செத்தான். மேசையைத் தட்டினோம், விழுந்துட்டான் என்றது போலீஸ். ஜூன் மாதம் நாடே தெருவில் நின்றது. இந்தக் கட்டடம் போலீசின் கையிலிருந்து ஜனநாயக இயக்கத்தின் நினைவிடமாக மாற முப்பது வருஷத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. ஆளுநர் கட்டடத்தை இடிக்க ஓர் அதிபரின் முடிவு போதுமாயிருந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4

அப்படியானால் மீட்டுருவாக்கமே ஆளும் வர்க்கத்தின் சூதா? அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. குவாங்ஜு இடைமறிக்கிறது.

1980 மே 27 விடியலில், குவாங்ஜுவின் மாகாணத் தலைமையகக் கட்டடத்துக்குள் கடைசிவரை நின்ற குடிமக்கள் படையைத் துருப்புகள் சுட்டு வீழ்த்தின. 2005இல் மாகாண அலுவலகம் வேறு ஊருக்குப் போனதும், அந்த வளாகத்தில் ஆசியப் பண்பாட்டு மையம் கட்டத் திட்டம் வந்தது. துணைக் கட்டடத்தை இடிக்க வேண்டும் என்றார்கள். செத்தவர்களின் குடும்பங்கள் உள்ளே போய் உட்கார்ந்தன. ஒரு பகுதி இடிபட்டது, ஒரு பகுதி நின்றது. 2015இல் மையம் திறந்தது. உள்ளே பூசி மெழுகியதில் 1980இன் தடயங்கள் மறைந்தன. மறுபடி போராட்டம். அவர்கள் கேட்டது அதே சொல்லைத்தான்: மீட்டுருவாக்கம். 1980 மே மாதத்தில் இருந்தபடியே கட்டித் தா. கடைசியில் அரசு இறங்கிவந்தது. 2023இல் வேலை தொடங்கியது. பக்கத்திலுள்ள ஜோனில் கட்டடத்திலோ குண்டுத் துளைகளை எண்ணி, 245 என்ற எண்ணையே பெயராகச் சூட்டி 2020இல் திறந்தார்கள்.

'பழையபடியே' என்று கோருவது இங்கே ஒரு கலகம். தோற்றவர்கள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அதற்குமேல் பூசிய சுண்ணாம்பைச் சுரண்டச் சொல்கிறார்கள். கோஜோங்கின் அரண்மனையும் 1980இன் சுவரும் மீட்கப்படும் தொழில்நுட்பம் ஒன்றாக இருக்கலாம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் கை வேறு. அழகியலிலோ தொல்லியலிலோ தேடினால் அரசியல் அகப்படாது. அந்தக் கையில்தான் அகப்படும்.

5

கடைசியாக ஜெஜு தீவு. தேதியைப் பற்றி மட்டுமல்லாமல் பெயரைப் பற்றியும் யோசிக்க வைக்கிற இடம்.

1947 மார்ச் 1இல் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் சாவு. 1948 ஏப்ரல் 3இல் ஆயுதமேந்திய எழுச்சி. 1954 செப்டம்பர் வரை நீண்ட வேட்டை. தொடங்கியபோது ஆட்சி அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. செத்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்று அரசு விசாரணைக்குழுவே மதிப்பிட்டது. தீவின் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலோர் அரசுத் தரப்புப் படைகளால் கொல்லப்பட்டவர்கள். இதைப் பேசுவது பல பத்தாண்டுகளுக்குக் குற்றமாக இருந்தது. 1978இல் 'சூனி சம்ச்சோன்' என்ற கதையில் எழுதிய ஹ்யோன் கி யோங்கைப் பிடித்துப்போய் வதைத்தார்கள், புத்தகம் தடையானது. வரலாற்று ஆசிரியர்கள் வாயடைத்திருந்தபோது நினைவிடத்தின் முதல் கல்லை நட்டது ஒரு சிறுகதை என்பதை எழுத்தாள நண்பர்கள் மனசில் வைத்துக்கொள்வது நல்லது. 2000இல் சிறப்புச் சட்டம், 2003இல் அதிபர் ரோ மூ ஹ்யுனின் மன்னிப்பு, 2007 முதல் விமான நிலையத்தின் ஓடுதளத்துப் பக்கம் தோண்டி எடுத்த எலும்புகள். சுற்றுலா விமானங்கள் வந்திறங்கும் நிலம் அது.

2008இல் திறந்த ஜெஜு அமைதிப் பூங்காவின் மண்டபத்தில் ஒரு வெள்ளைக் கல் படுத்துக் கிடக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. நடந்ததற்குச் சரியான பெயர் கிடைக்கும் நாளில் அதைப் பொறித்துக் கல்லை நிமிர்த்துவார்களாம். கலவரம் என்கிறது ஒரு தரப்பு, எழுச்சி என்கிறது இன்னொன்று, 'சம்பவம்' என்கிறது சட்டம். ஆயுதக் குழுவின் தலைமையில் இருந்தவர்கள் பலியானோர் பட்டியலில் இல்லை. எதிர்த்துச் சுடாதவன்தான் பலியானவன் என்கிற நிபந்தனை அங்கேயும் வேலை செய்கிறது. ஆகவே அந்தக் கல்லை நான் புனிதமாக்கப் போவதில்லை. வெறுமையாக விட்டது சமரசமாகவும் இருக்கலாம். பெயர் வைக்கத் துணிச்சல் இல்லாமையாகவும் இருக்கலாம். ஆனாலும் நான் வாசித்தறிந்த கொரிய நினைவிடங்களில், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று தானே ஒத்துக்கொள்ளும் கல் இது ஒன்றுதான். அரண்மனையும் சிறையும் சோனானின் பள்ளமும் தம் வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிட்டன.

ஒரு நினைவிடத்துக்குள் நுழையும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் தேதிக்கு இதை மீட்டிருக்கிறார்கள்? அந்தத் தேதிக்குப் பிறகு இதே இடத்தில் யார் யார் அடி வாங்கினார்கள்? அதைச் சொல்லும் பலகை இங்கே இல்லையென்றால், அதற்காக வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிய உள்ளே போக வேண்டிய அவசியம்கூட இல்லை. வாசலிலேயே நின்று அவர்களிடம் பேசிவிட்டு வரலாம்.